பெயில், கோட், கப்பு, அரியர்: யார், எப்போது, எதைச் சொல்வார்கள்?

வரைவுத்தாள்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறுகதைக்காகக் கேட்கிறேன். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை. தாத்தா 1975 வாக்கில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதித் தேறாதவர். அப்பா 90களின் கடைசியில் பொறியியல் படித்து, ஐந்தாறு பேப்பரை மிச்சம் வைத்துக்கொண்டு வெளியே வந்து, பிறகு எழுதி முடித்தவர். பேத்தி இப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு. முதல் தடவையாக ஒரு பாடம் போய்விட்டது. ரிசல்ட் வந்த ராத்திரி மூவரும் பேசுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

முதல் வரைவில் மூவரையும் ‘பெயில்’ என்றே சொல்ல வைத்திருந்தேன். படித்த நண்பர், “மூணு பேரும் ஒரே ஆள் மாதிரி பேசுறாங்க” என்றார். சரியென்று தாத்தா வாயில் ‘கோட் அடிச்சேன்’ என்று போட்டேன். கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் அதைப் படித்துவிட்டு, “கோட்டா? தாத்தா வக்கீலா?” என்று கேட்டான்.

எந்தச் சொல் எந்தக் காலத்துக்கு, யார் வாயில் பொருந்தும்? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்சு

கோட் அடிக்கிறது என்றால் ஒரு வகுப்பில் பெயிலாகி, அதே வகுப்பில் மறுபடி உட்காருவது. ‘எட்டாவதுல ரெண்டு தடவ கோட் அடிச்சவன்’ என்பார்கள். ஒரு பாடத்தில் மார்க் போனதற்கு யாரும் கோட் என்று சொல்ல மாட்டார்கள், வருஷமே போக வேண்டும். அதனால்தான் இன்றைய பையனுக்கு அது புரியவில்லை. அவன் வகுப்பில் அப்படி ஒருவன் உட்கார்ந்து அவன் பார்த்திருக்கவே மாட்டான்.

சட்டகம்

மேலே சொன்னதோடு ஒன்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019இல் மத்திய அரசு அந்தப் பிரிவைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்தலாமா என்பதை மாநிலங்களின் கையில் விட்டது. தமிழ்நாடு அந்த இரண்டு வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. ஆக, இங்கே 2010க்குப் பின் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்குக் ‘கோட்’ என்பது பெரியவர்கள் வாயில் மட்டும் கேட்ட சொல்.

ஏழாம்மணி

ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். வரைவுத்தாள் அவர்களுக்குத் தாத்தா பற்றி மட்டும் சொல்கிறேன்.

1975இல் எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பு. அதற்கு மேல் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு. மேல்நிலைக் கல்வி வந்தது 1978இல். கதையில் ‘பத்தாவது பெயில்’ என்று தாத்தாவைச் சொல்ல வைத்துவிடாதீர்கள், வயதானவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் ரிசல்ட் பத்திரிகையில் வரும். தேறியவர்களின் எண்கள் மட்டும்தான் அச்சாகும், பொடி எழுத்தில், பத்தி பத்தியாக. ஒருவன் பெயிலானான் என்று எங்கேயும் எழுதியிருக்காது. அவன் எண்ணுக்கு முந்தின எண் இருக்கும், பிந்தின எண் இருக்கும், நடுவில் அவனுடையது இருக்காது. விரலை வைத்துக்கொண்டு அந்த வரியில் நாலு தடவை போய் வருவார்கள். எனவே வீட்டில் வந்து சொல்வது “நம்பர் வரலை” என்றுதான். யார் கேட்டாலும் “பேப்பர்ல நம்பர் இல்லீங்க”. பெயில் என்ற சொல்லை அடுத்த வீட்டுக்காரர்தான் சொல்வார்.

‘கோட்’ என்பதைத் தாத்தா தன்னைப் பற்றிச் சொல்வது கொஞ்சம் இடறுகிறது. அது கூடப் படித்தவர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்யும்போது வருவது. தாத்தாவின் பழைய சிநேகிதர் யாராவது கதையில் வந்தால் அவருக்குக் கொடுங்கள்.

சொல்தேடி

‘நம்பர் வரலை’ அருமை. அதே காலத்தில் இன்னொரு மூடுமந்திரம் உண்டு: “டுடோரியல் போறான்.” பையன் என்ன பண்றான் என்று கேட்டால் இதைச் சொன்னால் போதும், கேட்டவருக்கு விஷயம் விளங்கிவிடும். “செப்டம்பர் எழுதுறான்” என்பதும் அப்படியே. மார்ச்சில் எழுதியது என்ன ஆயிற்று என்று மேற்கொண்டு கேட்பது நாகரிகம் இல்லை.

ப்ளஸ்டூ_பாலா

//பெயில் என்ற சொல்லை அடுத்த வீட்டுக்காரர்தான் சொல்வார்//

முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘எஸ்.எஸ்.எல்.சி. பெயில்’ என்பதை ஒரு படிப்புத் தகுதி போலவே சொல்லிக்கொண்டவர்கள் இருந்தார்கள். பயோடேட்டாவில் எழுதுவார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களில் இன்றைக்கும் ‘10வது பாஸ் / பெயில்’ என்று வருகிறதே. பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பு வரை போனவன், எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று அர்த்தம். ஒன்பதாவதோடு நின்றவனைவிடப் பத்தாவது பெயில் ஒரு படி மேல்!

ஏழாம்மணி

பாலா சொல்வது வேலை தேடும்போது. ரிசல்ட் வந்த அன்றைக்கு யாரும் அதைத் தகுதியாக நினைத்ததில்லை. தாத்தாவுக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது இருக்கும், அவர் சிரித்துக்கொண்டே ‘நான் எஸ்.எஸ்.எல்.சி. பெயிலு’ என்று சொல்லலாம். பதினேழு வயதில் சொல்லியிருக்க மாட்டார்.

நாலாம்செம்

அப்பாவுக்கு வருவோம். அவருக்கு வேண்டிய சொல் ‘அரியர்’. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வெளியாட்கள் இதைப் பெயில் என்பதற்கு இன்னொரு பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

செமஸ்டர் முறையில் ஒரு பாடம் போனால் வருஷம் போகாது. அடுத்த செமஸ்டருக்கு நீங்கள் போய்விடுவீர்கள், பழைய பாடம் பின்னாலேயே வரும். அடுத்த நவம்பரிலோ ஏப்ரலிலோ புதுப் பாடங்களோடு சேர்த்து அதையும் எழுத வேண்டும். பணம் பாக்கி வைப்பது போலப் பாடத்தைப் பாக்கி வைப்பது. அதனால் ‘அவன் பெயில்’ என்று பொறியியல் கல்லூரியில் கேட்கவே மாட்டீர்கள். ‘எத்தனை வச்சிருக்க?’ என்றுதான் கேட்பார்கள். எதை என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வரும் வினைகளைக் கவனியுங்கள், வசனத்துக்கு அதுதான் முக்கியம். ரிசல்ட் அன்று அரியர் ‘விழும்’. ‘எம்3ல (மூன்றாவது கணிதத் தாளில்) விழுந்துடுச்சு’ என்பார்கள், தானாக வந்து விழுந்தது மாதிரி. அப்புறம் அதை ‘வச்சிருப்பான்’. வருஷக்கணக்காகச் சேர்ந்தால் ‘அடுக்கி வச்சிருக்கான்’. எழுதி முடித்தால் ‘கிளியர் பண்ணிட்டான்’, அல்லது இன்னும் கெத்தாக ‘தூக்கிட்டான்’. ஒரே மூச்சில் ஏழெட்டைத் தூக்கினால் அவனுக்கு அன்று இருக்கும் மரியாதை, முதல் தடவையே எல்லாம் பாஸான ஆளுக்குக்கூடக் கிடைக்காது. ‘அரியர் வாங்கினேன்’ என்று எழுதினால் அந்தக் கதையை எழுதியவர் கல்லூரிப் பக்கமே போகாதவர் என்று தெரிந்துவிடும்.

மதிப்பெண் பட்டியலிலும் பெயில் என்ற சொல் கிடையாது. அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒழுங்குமுறையைப் பொறுத்து ‘யு’ என்றோ ‘ஆர்.ஏ.’ என்றோ வரும். ஆர்.ஏ. என்றால் மறுபடி வந்து எழுது என்று பொருள். என் செட்டில் அதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டோம்: “நெட்வொர்க்ஸ் ஆர்.ஏ. மச்சான்.”

கடைசிபெஞ்சு

ஒரு திருத்தம். அப்பா 90களின் கடைசியில் படித்தவர் என்றால் அண்ணா பல்கலைக்கழகம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டாம். தனியார் பொறியியல் கல்லூரிகளெல்லாம் அதனோடு இணைந்தது 2001க்குப் பிறகு. அதற்கு முன் சென்னை, பாரதியார், மதுரை காமராசர் என்று அந்தந்தப் பகுதிப் பல்கலைக்கழகம். ஆனாலும் அரியர் என்ற சொல் எல்லா இடத்திலும் அரியர்தான்.

டிஏ_கணக்கு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் அரசு அலுவலகத்தில் சம்பளப் பிரிவில் இருந்தவன். எங்களுக்கு அரியர் என்றால் வர வேண்டிய பாக்கிப் பணம். ‘டி.ஏ. (அகவிலைப்படி) அரியர் வந்தாச்சு’ என்றால் அலுவலகமே கலகலப்பாக இருக்கும். வீட்டுக்குப் போனால் பையன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு அதே சொல்லைச் சொல்வான். அப்பா தாத்தா இருவரில் ஒருவரை அரசு ஊழியராக வைத்தால் இதை ஒரு காட்சியாகவே எழுதலாம், வரைவுத்தாள்.

வரைவுத்தாள்

டிஏ_கணக்கு, இதைக் கட்டாயம் எடுத்துக்கொள்கிறேன். தாத்தா பெயிலாகி, அப்புறம் செப்டம்பரில் எழுதித் தேறி, அலுவலக உதவியாளராகச் சேர்ந்தவர் என்று மாற்றிவிட்டேன்.

‘கப்பு’ பற்றி யாரும் சொல்லவில்லையே?

மீனாட்சி_ஈசிஇ

கப்பு நான் சொல்கிறேன், இப்போது படிப்பவள் என்ற முறையில். கப்பு என்றால் போட்டியில் ஜெயித்துக் கொண்டு வரும் கோப்பை. ஒரு பாடம் போனதைத்தான் கிண்டலாக அப்படிச் சொல்கிறோம். ‘மேத்ஸ்ல கப்பு அடிச்சிட்டேன்’, ‘இந்த செம் ரெண்டு கப்பு’. அரியருக்கும் இதற்கும் வித்தியாசம் என்னவென்றால், கப்பு என்பது அந்த நிமிஷத்தைச் சொல்வது. ரிசல்ட் பார்த்த உடனே குரூப்பில் போடுவது கப்பு. ஒரு மாதம் கழித்துப் பரீட்சைக் கட்டணம் கட்டும்போது அது அரியர். பிளேஸ்மென்ட் படிவத்தில் அது ‘ஸ்டாண்டிங் அரியர்’, எழுதி முடித்த பிறகும் ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ என்று பின்னாலேயே வரும். கம்பெனி வரும்போது அந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிற நேரத்தில் யாரும் கப்பு என்று ஜோக் அடிக்க மாட்டார்கள்.

அப்புறம் கப்பு என்பதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம், தோழிகள் சொல்லலாம். ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) சொன்னால் கடுப்பாகும். அம்மா சொன்னால் சிரிப்பு வரும், ‘உனக்கு எப்படித் தெரியும்’ என்று.

கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். கேரளாவிலிருந்து வந்த என் ரூம்மேட் ‘சப்ளி’ என்பாள்.

சொல்தேடி

மும்பையில் ‘கேட்டி’. ஏ.டி.கே.டி. என்று விதிப்புத்தகத்தில் இருப்பது, அதாவது பாடம் பாக்கி இருந்தாலும் அடுத்த பருவத்தைத் தொடர அனுமதி. பிள்ளைகள் அதை வெட்டி ‘கேட்டி லகா’ என்கிறார்கள். அனுமதி என்று விதி சொன்னதையே தோல்விக்குப் பெயராக்கிவிட்டார்கள்.

வடமராட்சியான்

எங்கட பக்கம் கதை வேற. இலங்கையில் பரீட்சையில் தேறுவது ‘சித்தி’. தேறாவிட்டால் ‘சித்தியடையவில்லை’. இது பத்திரிகை மொழி. தமிழ்நாட்டு நண்பர் ஒருவர், “அஞ்சு பாடம் சித்தியா? அத்தனை சித்தியா உங்களுக்கு?” என்று கேட்டுச் சிரித்தார்.

பேச்சில் எழுத்துத்தான். ஓ.எல். (சாதாரண தரம்) பரீட்சையில் கீழ்மட்டத் தரம் ‘டபிள்யூ’, ஏ.எல். (உயர்தரம்) பரீட்சையில் ‘எஃப்’. “கணக்குக்கு டபிள்யூ வந்திட்டுது” எண்டால் விளங்கும். அதற்கு மேலே ‘எஸ்’, சாதாரண சித்தி. “எஸ்ஸோட தப்பிட்டன்” எண்டு சொல்லுறது உங்கட ‘பார்டர் பாஸ்’ மாதிரி.

ஏ.எல். மூன்று தரம் எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் ‘ஷை’ என்று பேர்: ஃபர்ஸ்ட் ஷை, செகண்ட் ஷை, தேர்ட் ஷை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. செகண்ட் ஷை எடுக்கிறவன் பெயிலானவன் எண்டு அர்த்தம் இல்லை. மூன்று பாடமும் நல்ல சித்தி வந்தும், மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ இசட் ஸ்கோர் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) காணாது எண்டு திரும்ப எழுதுவான். அதனால் ‘செகண்ட் ஷை’ எண்டு சொல்ல ஒருத்தரும் வெட்கப்படுறதில்லை. தேர்ட் ஷை எண்டால் வீட்டில் சத்தம் குறைஞ்சிடும், அதுக்குப் பிறகு வாய்ப்பில்லை.

கம்பஸ் (பல்கலைக்கழகம்) போன பிறகு ‘ரிப்பீட்’. அதுவும் மிஞ்சினால் ‘பேட்ச் மிஸ்’. கூட வந்தவர்களை விட்டுப் பின்னால் வருகிறவர்களோடு போவது.

கடைசிபெஞ்சு

‘பேட்ச் மிஸ்’ நல்ல சொல். எங்கள் பக்கம் அது ‘டீடெய்ன்’. வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். கொஞ்சம்தான் குறைவு என்றால் கன்டோனேஷன் கட்டணம் கட்டித் தப்பிக்கலாம். அதற்கும் கீழே போனால் ஜூனியர்களோடு உட்கார வேண்டியதுதான். “லேக் ஆயிடுச்சு” என்பார்கள். படிப்பு வராமல் போவதற்கும் வகுப்புக்கே போகாததற்கும் சொல் தனித்தனி.

ப்ளஸ்டூ_பாலா

நீட் எழுதும் பிள்ளைகள் ‘ரிப்பீட்டர்’ என்று சொல்வதும் இலங்கை நண்பர் சொன்ன செகண்ட் ஷை வகைதான். பயிற்சி மையங்களே ‘ரிப்பீட்டர் பேட்ச்’ என்று பலகை வைக்கின்றன. பலகையில் ஏறிய பிறகு ஒரு சொல்லில் வசவு எங்கே மிச்சம் இருக்கும்.

மீனாட்சி_ஈசிஇ

பாலா அண்ணா, தலைகீழாகவும் நடக்கும். ‘ஆல் பாஸ்’ என்றால் நல்ல செய்திதானே? 2020இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்து செய்து எல்லோரும் தேர்ச்சி என்றார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில்தான். அதற்குப் பிறகு யாராவது ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால், ‘நீ ஆல் பாஸ் பேட்ச் ஆச்சே’, ‘கொரோனா பேட்ச்’ என்று கிண்டல். பாஸானவர்களைத் திட்ட ‘பாஸ்’ என்ற சொல்லே போதுமானதாகிவிட்டது.

சட்டகம்

அரியருக்கும் அதே ஆண்டு ஒரு திருவிழா நடந்தது. 2020 ஆகஸ்ட் 26 அன்று, இறுதி செமஸ்டர் தவிர மற்ற அரியர் பாடங்களுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தாலே தேர்ச்சி என்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். மாணவர்கள் நன்றி சொல்லி பேனர் வைத்தார்கள். தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. எதிர்த்தது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது, தேர்வு வைக்காமல் தேர்ச்சி தர முடியாது என்று அடுத்த ஆண்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த சில மாதங்களில் அரியர் என்ற சொல் மாணவர் விடுதியிலிருந்து தலைப்புச் செய்திக்கு வந்தது. அதற்கு முன் ‘அரியர்னா என்ன?’ என்று கேட்ட பாட்டிகளுக்குக்கூட அதற்குப் பின் தெரியும்.

ஏழாம்மணி

இத்தனை சொல் வந்தாயிற்று. வீட்டில் பெரியவர்கள் சொல்லும் சொற்களை யாரும் எழுதவில்லை: மக்கு, மண்டு, தத்தி, தண்டம், உதவாக்கரை, மரமண்டை. இவற்றில் எதிலாவது பரீட்சை இருக்கிறதா பாருங்கள். பிள்ளைகளின் சொற்களில் பாடம் போகும், பேப்பர் ஊத்திக்கொள்ளும், அரியர் விழும், நம்பர் வராது. பெரியவர்கள் வாயில் ஆளே போய்விடுகிறான். ஒரே மார்க் ஷீட்டைப் பார்த்துத்தான் இரண்டையும் சொல்கிறோம்.

பணியறையில் நாங்களும் குறைந்தவர்கள் இல்லை. ‘அது தேறாத கேஸ்’ என்போம். பிற்பாடு அரசு ஆவணங்களில் ‘மெல்லக் கற்கும் மாணவர்’ என்று மாற்றினார்கள். நல்ல எண்ணம்தான். அடுத்த பருவத்திலேயே ஒரு பையன் தாமதமாக வந்த இன்னொருவனைப் பார்த்து, “டேய், மெல்ல நடக்கும் மாணவரே” என்றான்.

சொல்தேடி

சி.பி.எஸ்.இ.யும் 2020இல் ‘பெயில்’ என்பதை எடுத்துவிட்டு, கட்டாயம் மீண்டும் எழுத வேண்டியவர் என்று பொருள் தரும் ‘எசென்ஷியல் ரிப்பீட்’ போட்டது. ஏழாம்மணி ஐயா சொன்ன கதிதான் அதற்கும் வரும்: ‘நீ எசென்ஷியல்டா’ என்று யாராவது ஆரம்பித்திருப்பான்.

ஐயா பெரியவர்களைப் பற்றிச் சொன்னது முக்கால்வாசி சரி. பிள்ளைகளும் ஆளைச் சொல்வார்கள், ‘நான் அவுட்’, ‘நான் காலி’, ‘செத்தேன்’ என்று. ஆனால் அதெல்லாம் தன்னைப் பற்றி, அதுவும் பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்த ஐந்து நிமிடத்துக்கு. ரிசல்ட்டுக்கு அப்புறம் பழி வினாத்தாள் மேல்: ‘வச்சு செஞ்சுட்டாங்க’. அல்லது திருத்தியவர் மேல்: ‘அந்தாளு முட்டை போட்டுட்டான்’. முட்டையைப் போடுவது எப்போதும் வாத்தியார், மாணவன் வாங்குபவன் மட்டுமே. ‘கோட்டை விட்டுட்டேன்’ மட்டும் விதிவிலக்கு, கைக்கு வந்ததைத் தானே நழுவவிட்டதாக ஒப்புக்கொள்வது. ரெண்டு மார்க்கில் போனவன்தான் அதைச் சொல்வான், இருபதில் போனவன் சொல்ல மாட்டான்.

வரைவுத்தாள்

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. காட்சியை மாற்றி எழுதிவிட்டேன். வசனம் மட்டும் கீழே:

பேத்தி (போனைப் பார்த்தபடி): “சிக்னல்ஸ் கப்பு.”

அப்பா: “எத்தனை?”

பேத்தி: “ஒண்ணுதான்.”

அப்பா: “ஒண்ணு எல்லாம் ஒரு அரியரா? நான் ஆறு வச்சிருந்தேன். கடைசி செம்ல மொத்தமாத் தூக்கினேன்.”

தாத்தா: “அரியர் வந்திருக்கா? எத்தனை மாசத்துக்கு?”

(இருவரும் சிரிக்கிறார்கள். தாத்தாவுக்கு விளக்குகிறார்கள்.)

தாத்தா: “எங்க காலத்துல நான் பெயிலாகிவிட்டேன். பேப்பரில் எண் வரவில்லை.”

நாலாம்செம்

நன்றாக இருக்கிறது. அப்பா கொஞ்சம் ஓவராக அளக்கிறார், ஆனால் ஆறைத் தூக்கிய எல்லோரும் அப்படித்தான்.

மீனாட்சி_ஈசிஇ

பேத்தி அப்பாவிடம் எடுத்தவுடன் ‘கப்பு’ என்று சொல்வாளா? எனக்குச் சந்தேகம். தோழியிடம் அதைச் சொல்லிவிட்டு, அப்பாவிடம் ‘சிக்னல்ஸ் போச்சுப்பா’ என்பாள். அப்பா ஆறைப் பற்றிச் சொன்ன பிறகு வேண்டுமானால் அவளுக்குக் கப்பு என்று சொல்லத் தைரியம் வரும்.

ஏழாம்மணி

மீனாட்சி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் கடைசி வரி மேடைத்தமிழ் ஆகிவிட்டது. ‘எண்’ வேண்டாம், ‘பெயிலாகிவிட்டேன்’ வேண்டவே வேண்டாம். “எனக்கு நம்பரே வரலம்மா” போதும். அரியர் எத்தனை மாசத்துக்கு என்ற கேள்விக்கு அப்புறம் அவர் ஒன்றும் பேசாமல் இருந்தாலும் எனக்குச் சம்மதம், ஆனால் அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஏ_கணக்கு

பேசாமல் இருக்க மாட்டார். அரசு ஊழியர், பாக்கி என்று கேள்விப்பட்டுவிட்டார். “எப்ப வரும்?” என்று இன்னொரு தடவை கேட்பார்.